காற்றில்லா உலகத்துப் புழுதி

காலையில் முற்றத்தைக் கூட்டிப் பெருக்கி நீர் தெளித்து விடுகிறோம். மாலையில் பார்த்தால் திண்ணையிலும் சன்னல் விளிம்பிலும் மெல்லிய புழுதி மீண்டும் படிந்திருக்கும். அது எங்கிருந்து வந்தது என்று எவரும் வியப்பதில்லை. மழை கல்லைக் கரைக்கிறது. ஆறு உருட்டித் தேய்க்கிறது. காற்று அள்ளி வருகிறது. மரவேர் பாறையைப் பிளக்கிறது. மண்புழு கிளறி விடுகிறது. மலை மண்ணாகும் வேலையில் இத்தனை பேருக்குப் பங்குண்டு.

இவர்களுள் ஒருவருமே இல்லாத இடத்தில் புழுதி உண்டாகுமா? மழையும் ஆறும் காற்றும் உயிரும் இல்லை. உதிர்ந்த கல்லைப் பிடித்து நிறுத்தும் ஈர்ப்பு விசைகூடப் பெயரளவுக்கே உண்டு. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலும், சிற்சில நம் பூமியின் அண்மையிலும் சுற்றித் திரியும் சிறுகோள்களின் நிலை இதுதான். அவற்றின் மேனி வெறும் பாறையா, புழுதி போர்த்ததா என்னும் வினா, வேலையற்றோர் வினாவாகத் தோன்றலாம். ஆனால் அதற்குத் தவறான விடையை நம்பிச் சென்ற விண்கலம் ஒன்று, கல்லும் துகளும் கலந்த குவியலுக்குள் புதைந்து போகும் நிலைக்கு நம் காலத்திலேயே வந்தது. அந்த வினா வளர்ந்த வரலாற்றையே இங்கே காண்போம்.

1801ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிரவு, ஸிஸிலித் தீவின் பலர்மோ நகரில் கியூசெப்பே பியாஸி என்னும் துறவி தொலைநோக்கியில் ஒரு புதிய ஒளிப்புள்ளியைக் கண்டார். அவர் பணியாற்றிய வான்நோக்ககம் அரண்மனை ஒன்றின் கோபுரத்தில் இருந்தது. அவ்வரண்மனையோ, ஒன்பதாம் நூற்றாண்டில் அரபு அமீர் எழுப்பிய கோட்டையின் இடத்தில் பின்னர் நார்மன் மன்னர் வளர்த்தெடுத்தது. பியாஸி கண்ட புள்ளிக்கு ஸீரிஸ் என்று பெயரிட்டனர். அடுத்தடுத்து வேறு சிலவும் தென்பட்டன. எத்துணை பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் அவை விண்மீனைப் போல் புள்ளியாகவே நின்றமையால், வில்லியம் ஹெர்ஷல் 1802இல் ‘மீன் போன்றவை’ என்னும் பொருளில் அவற்றுக்கு ஆஸ்டிராய்டு என்று பெயர் சூட்டினார். அப்பெயரிலேயே நம் அறியாமை அடங்கியிருக்கிறது. வெறும் புள்ளியாய் நிற்பதன் மேலே பாறை கிடக்கிறதா, மணல் கிடக்கிறதா என்று எங்ஙனம் சொல்வது?

விடை தேடியவர்கள் முதலில் நிலவைப் பார்த்தனர். 1920களில் பிரெஞ்சு வானியலார் பெர்னார் லியோ, நிலவிலிருந்து வரும் ஒளி எவ்வாறு முனைவாக்கம் பெற்றிருக்கிறது என்று அளந்து, பூமியிலுள்ள பல பொருள்களின் ஒளியோடு ஒப்பிட்டார். எரிமலைச் சாம்பலே நிலவின் ஒளிக்கு நெருங்கி வந்தது. 1927இல் நிலவு மறைப்பின்போது பெட்டிட், நிக்கல்சன் என்னும் இருவர் வேறு வழியில் சென்றனர். பூமியின் நிழல் விழுந்ததும் நிலவின் வெப்பம் எவ்வளவு விரைவில் தணிகிறது என்று அளந்தனர். மிக விரைவில் தணிந்தது. கடற்கரைக்குச் சென்று பழகியவர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். பகலில் காலைச் சுட்ட மணல் அந்தி மயங்கியதும் குளிர்ந்து விடுகிறது. அருகிலுள்ள கருங்கல்லோ இரவு நெடுநேரம் வரை கதகதப்பாகவே இருக்கிறது. ஆகவே நிலவின் மேல் கிடப்பது பாறையன்று, துகள் என்பது 1948இல் வெஸலிங்க் செய்த கணக்கால் உறுதியாயிற்று. இந்தக் கடற்கரைக் கணக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். அது நிலவில் மெய்யாயிற்று. பிறிதோரிடத்தில் நம்மை ஏமாற்றியது.

இத்தகைய போர்வைக்கு ரெகோலித் என்று பெயர். 1897இல் அமெரிக்க நிலவியலார் ஜார்ஜ் மெரில், பூமியில் பாறையை மூடிக் கிடக்கும் மண்ணையும் சரளையையும் குறிக்கப் போர்வை, கல் என்னும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ஆக்கிய சொல் அது. நாம் இக்கட்டுரையில் அதனை மேற்புழுதி என்றே குறிப்போம். புழுதி என்றாலும் மாவு போன்ற தூள் மட்டுமன்று. மணல், சரளை, பெருங்கல் யாவும் அதனுள் அடங்கும்.

1955இல் தாமஸ் கோல்டு என்னும் அறிஞர் நிலவின் தாழ்நிலங்கள் ஆழ்ந்த தூள்கடல்களாக இருக்கக்கூடும் என்று எழுதினார். நிலவுக்கு மனிதரை அனுப்பும் திட்டம் தீட்டியவர்களின் உறக்கத்தை அது கெடுத்தது என்றால் மிகையன்று. இறங்கும் கலம் தூளுக்குள் அமிழ்ந்து விட்டால்? 1966 பிப்ரவரியில் ரஷ்யாவின் லூனா 9, ஜூன் 2ஆம் நாள் அமெரிக்காவின் ஸர்வேயர் 1 ஆகியவை இறங்கிய பின்னரே அச்சம் நீங்கிற்று. ஸர்வேயரின் பாதங்கள் சில சென்டிமீட்டரே பதிந்தன. தூள் இருக்கத்தான் செய்தது. ஆனால் அது கடலன்று, நன்கு இறுகிய தரை.

அப்படங்களை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் யூஜீன் ஷூமேக்கர். நிலவின் மேற்புழுதியை ஆக்கியவை விண்ணிலிருந்து ஓயாது விழும் கற்களே என்பதை விளக்கியதில் அவர் பங்கு பெரிது. பெருங்கல் விழுந்தால் பாறை உடைந்து சிதறுகிறது. சிறுகல் விழுந்தால் சிதறியது மேலும் நொறுங்குகிறது. மணலினும் நுண்ணிய துகள்கள் மழைபோல் வந்து விழுந்து நொறுங்கியதைத் தூளாக்குகின்றன. பல நூறு கோடி ஆண்டுகள் ஓய்வின்றிச் சுற்றும் திருகைக்கல் என்று இதனை நாம் சொல்லலாம். நிலவுக்குச் செல்ல ஏங்கிய ஷூமேக்கருக்கு நோய் தடையாயிற்று. 1997இல் ஆஸ்திரேலியாவில் நேர்ந்த கார் விபத்தில் அவர் மறைந்தார். அவருடைய அஸ்தியில் சிறிதளவைச் சுமந்து சென்ற கலம் 1999இல் நிலவில் மோதியது. அவர் ஆராய்ந்த புழுதியிலேயே அவர் கலந்து விட்டார்.

நிலவின் கணக்கு இங்ஙனம் தீர்ந்தது. சிறுகோள்களின் கணக்கு தீரவில்லை, இன்னும் சிக்கலாயிற்று. நிலவில் சிதறிய கல் மீண்டும் விழுந்தாக வேண்டும். அதனை விட்டு ஓட வினாடிக்கு 2.4 கிலோமீட்டர் வேகம் தேவை. சில நூறு மீட்டர் அகலமே உள்ள சிறுகோளிலோ வினாடிக்கு 10 அல்லது 20 சென்டிமீட்டர் போதும். தவழும் குழந்தையின் வேகம்கூட அதற்கு மேற்பட்டது. அங்கே கல் மோதினால் உடைந்த தூள் அனைத்தும் விண்வெளிக்கே ஓடி விடும் அல்லவா? எனவே சிறிய கோள்கள் பெருக்கித் துடைத்த பாறைகளாகவே இருக்கும் என்று பலர் எண்ணினர். நியாயமான எண்ணந்தான்.

ஆனால் நம் கையிலேயே ஒரு மறுப்பு இருந்தது. 1942 ஏப்ரலில், அந்நாளில் ஸூடானுக்கு உட்பட்டிருந்ததும் இப்போது தென் ஸூடானில் உள்ளதுமான கபோயெட்டாவில் ஒரு விண்கல் விழுந்தது. உடைத்துப் பார்த்தால் அது ஒரே கல்லன்று. கல்துண்டுகளும் தூளும் அழுந்தி இறுகிய கலவை. கதிரவனிலிருந்து வீசும் துகள்களின் வாயுக்கள் அத்தூளில் சிறைப்பட்டிருந்தன. கதிரவன் முகம் படாத எந்தத் தூளும் அந்த வாயுவைப் பெற முடியாது. ஆகவே அக்கல் ஒரு காலத்தில் ஏதோ ஒரு கோளின் மேற்புழுதியாகக் கிடந்து, பின்னர் அழுந்திக் கல்லானது. இவ்வகைக் கற்களின் தாயகம் வெஸ்டா என்னும் பெரிய சிறுகோள் என்று இன்று கொள்கின்றனர். வெஸ்டா 500 கிலோமீட்டருக்கு மேல் அகலமுடையது. அது புழுதியைத் தாங்கும். சிறியவை தாங்குமா என்ற ஐயம் மட்டும் அப்படியே நின்றது.

1991இல் கலிலியோ கலம் காஸ்பராவையும் 1993இல் ஐடாவையும் கடந்து சென்று படம் எடுத்தது. இரண்டின் மேலும் போர்வையின் அறிகுறிகள் தெரிந்தன. ஆயினும் கடந்து செல்பவன் கண்ட ஊர் எத்துணை தெளிவாகத் தெரியும்? ஒரு சிறுகோளில் தங்கிப் பார்த்த முதற்கலம், ஷூமேக்கரின் பெயரைத் தாங்கிய நியர் ஷூமேக்கர். 2000 பிப்ரவரி 14 அன்று அது ஈராஸ் என்னும், ஏறத்தாழ 34 கிலோமீட்டர் நீளமுள்ள கோளைச் சுற்றத் தொடங்கிற்று. ஈராஸ் கிரேக்கரின் காதல் தெய்வத்தின் பெயராதலால், அக்கோளின் பள்ளங்களுக்கு உலக இலக்கியத்தின் காதலர் பெயர்களையே இட்டனர். லைலாவும் மஜ்னூனும் அங்கே உண்டு; ஷாஜஹானும் மும்தாஜ் மஹாலும் உண்டு. பாலை மணலில் அலைந்த மஜ்னூனுக்கு விண்ணிலும் புழுதி நிலமே வாய்த்தது என்று எண்ணிப் புன்னகை செய்தோம்.

ஆம், ஈராஸ் புழுதி நிலமே. பல மீட்டர் ஆழத்திற்கு, சில இடங்களில் பத்துப் பத்து மீட்டர் கணக்கில், அதன் மேல் போர்வை கிடந்தது. 15 மீட்டருக்கு மேற்பட்ட பாறைகளே ஏறத்தாழ 7,000 எண்ணப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை ஷூமேக்கர் என்று ஆய்வாளர் அழைத்த ஒரே பெரும் பள்ளத்திலிருந்து எழுந்து வீழ்ந்தவை என்று கண்டனர். சிறிய பள்ளங்கள் எதிர்பார்த்ததினும் மிகக் குறைவாக இருந்தன. எங்கோ ஒரு கல் மோதினால் சிறுகோள் முழுவதும் அதிர்கிறது. அந்த அதிர்ச்சியில் புழுதி சரிந்து சிறு பள்ளங்களைத் தூர்த்து விடுகிறது என்பது விளக்கம்.

எல்லாவற்றினும் விந்தையானவை ஈராஸின் குளங்கள். சில பள்ளங்களின் அடியில் நுண்ணிய தூள், நீர் நிரம்பினாற்போல் மட்டமாகத் தேங்கிக் கிடந்தது. நீரே இல்லாத இடத்தில் தூள் எவ்வாறு குளமாயிற்று? கதிரவன் ஒளி பட்டு மின்னூட்டம் பெற்ற தூள் ஒன்றையொன்று தள்ளி எழும்பி, மிதந்து, தாழ்ந்த இடங்களில் அமர்ந்தது என்பர் சிலர். 1968இல் ஸர்வேயர் 7 நிலவின் அடிவானில், கதிரவன் மறைந்த பின் ஒளிர்ந்த மெல்லிய கீற்றைப் படம் எடுத்திருந்தமை அவர்க்குச் சான்று. அதிர்ச்சியால் தூள் சலித்து இறங்கியது என்பர் வேறு சிலர். பள்ளத்துள் கிடந்த பாறையே அங்கு உதிர்ந்து தூளாயிற்று என்போரும் உளர். இவ்வழக்கு இன்னும் தீரவில்லை. நியர் ஷூமேக்கர் 2001 பிப்ரவரி 12 அன்று, இறங்குவதற்கென்று செய்யப்படாத கலமாயிருந்தும், மெல்ல இறங்கி அப்புழுதியிலேயே அமர்ந்தது. அமர்ந்த பின்னும் இரு வாரங்கள் செய்தி அனுப்பிற்று.

அடுத்து ஜப்பானியர் முறை. இட்டொகாவா என்னும் சிறுகோள் நீளத்தில் அரைக் கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். 2005 செப்டம்பரில் அதனை அடைந்த ஹயாபுஸா கலம் கண்டது ஒரு பாறையை அன்று. உடைந்த கற்கள் மெல்லிய ஈர்ப்பால் ஒன்றுகூடிய குவியலை. அதன் உள்ளே ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு வெற்றிடம். மேற்பரப்பின் பெரும்பகுதி பெருங்கல் மயம். தாழ்ந்த சில பரப்புகளிலே மட்டும் சரளை சமமாய்க் கிடந்தது. அவலும் முந்திரியும் கலந்த டப்பாவைக் குலுக்கினால் முந்திரி மேலே வந்து விடுவதை அடுக்களையில் பார்த்திருக்கிறோம். அதே வேலை அங்கும் நடந்திருக்கிறது: பெரியது மேலே, சிறியது இடுக்குவழி கீழே.

ஹயாபுஸா பட்ட பாடு தனிக் கதையாக எழுதத்தக்கது. தரையைத் தொட்டதும் சிறு குண்டொன்றைச் சுட்டு, சிதறும் தூளைக் குழாயில் ஏந்த வேண்டும் என்பது ஏற்பாடு. நவம்பரில் இருமுறை தொட்டும் குண்டு வெடிக்கவில்லை. முதன்முறை கலம் துள்ளி விழுந்து அரைமணி நேரம் தரையிலே கிடந்தது. பின்னர் எரிபொருள் கசிந்தது. சில வாரங்கள் கலத்தோடு தொடர்பே அற்றது. மூன்றாண்டுத் தாமதத்துடன் 2010 ஜூன் 13 அன்று அது ஆஸ்திரேலிய வானில் எரிந்து சாம்பலாக, அதன் பேழை மட்டும் வூமெரா பாலையில் இறங்கிற்று. திறந்து பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பேழையின் சுவரைச் சுரண்டி நுண்நோக்கியில் வைத்தபோதுதான் 1,500க்கும் மேற்பட்ட துகள்கள் இருப்பது தெரிந்தது. அவற்றுட் பெரும்பாலானவை 10 மைக்ரானினும் சிறியவை.

அந்தச் சிட்டிகைக்கும் குறைவான தூள் ஒரு பழைய வழக்கைத் தீர்த்தது. பூமியில் விழும் விண்கற்களுள் பெரும்பான்மை ‘காண்ட்ரைட்’ என்னும் கல்வகை. ஆனால் வானில் பெரும்பாலான சிறுகோள்களின் நிறம் அக்கற்களோடு ஒத்து வரவில்லை. மிகுதியாய் உள்ளவை சிவந்து மங்கியிருந்தன. அப்படியானால் இக்கற்கள் எங்கிருந்து வருகின்றன? இட்டொகாவாத் துகள்களின் உட்புறம் ஐயமற அதே காண்ட்ரைட். மேற்புறத்தில் மட்டும் மிக மெல்லிய தோல். அதில் நுண்ணிய இரும்பு மணிகள். கதிரவனிலிருந்து வீசும் துகள்கள் தாக்கித் தாக்கி ஆக்கிய தோல் அது. புழுதி வெயிலில் கறுத்திருந்தது; அதனைக் கண்டு கல்லின் இனத்தையே நாம் வேறென்று எண்ணியிருந்தோம்.

துகள்களின் முனைகள் சில மழுங்கியிருந்தமையால், அவை ஒன்றோடொன்று உராய்ந்து புரண்டன என்பதும் தெரிந்தது. அவற்றுள் அண்டக்கதிர்களால் உண்டான வாயுவைக் கணக்கிட்டு, எதுவும் 80 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் மேற்பரப்பில் இருந்ததில்லை என்றனர். இட்டொகாவா தன் மேனியைப் பத்து லட்சம் ஆண்டுகளுக்குப் பல பத்துச் சென்டிமீட்டர் என்ற அளவில் விண்வெளிக்கு இழந்து வருகிறது. பழைய ஐயக்காரர் முற்றிலும் தவறவில்லை என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். சிறுகோளிலிருந்து புழுதி ஓடவே செய்கிறது. ஆனால் ஓடுவதற்கு ஈடாகப் புதிதாக உண்டாகியும் வருகிறது.

எப்படி உண்டாகிறது? சிதறியது ஓடிவிடும் இடத்தில் மோதும் கற்கள் மட்டுமே காரணமாக இருக்க முடியாது. 2014இல் மார்கோ டெல்போவும் அவருடைய துணைவரும் ஒரு விடை தந்தனர். அடுப்பில் காய்ந்த சட்டியில் குளிர்நீரை ஊற்றினால் விரிசல் விடும். சிறுகோளில் காற்றில்லாமையால் பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வேறுபாடு நூறு டிகிரிக்கு மேலும் செல்லும். பகலும் இரவும் சில மணி நேரமே. பென்னு என்னும் கோளில் ஒரு நாள் 4.3 மணி. ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் முறை கல் காய்ந்து குளிர்கிறது. விண்கல் துண்டுகளை அறையில் வைத்து நானூறு முறை வரை காய்ச்சிக் குளிர்வித்தபோது, உள்ளிருந்த நுண்விரிசல்கள் கண்முன்னே வளர்ந்தன. சில சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கற்களை உடைப்பதில், விழும் நுண்கற்களைவிட இவ்வெப்பமே விரைவானது என்பது அவர்கள் முடிவு. இம்முறையில் கல் பொறுமையாக இருந்த இடத்திலேயே உதிர்கிறது, எறியப்படுவதில்லை. ஆகவே ஈர்ப்பு மெலிந்த கோளிலும் அது தங்குகிறது.

இவ்வளவும் அறிந்த பின் எல்லாம் விளங்கிற்று என்று எண்ணியிருந்த வேளையில்தான் ர்யூகுவும் பென்னுவும் நம் கணக்கைப் புரட்டின. 2018 ஜூனில் ஹயாபுஸா 2 ர்யூகுவை அடைந்தது. அகலம் ஏறத்தாழ 900 மீட்டர். எங்கு நோக்கினும் பெருங்கல். கலம் இறங்கச் சமநிலம் இல்லை. அக்டோபரில் இறங்கிய சிறுபெட்டி அருகிலிருந்து எடுத்த படங்களில் கற்களின் மேல் தூளே காணவில்லை. தொடுவதைப் பல மாதம் தள்ளி வைத்து, 2019 பிப்ரவரியிலும் ஜூலையிலும் இருமுறை தொட்டு, 5.4 கிராம் அள்ளி 2020 டிசம்பரில் பூமிக்கு அனுப்பினர். இடையே ஏப்ரலில் இரண்டு கிலோ செப்புக் குண்டொன்றை எறிந்து 14 மீட்டருக்கு மேற்பட்ட பள்ளத்தையும் தோண்டினர். ஒட்டுப் பசையே இல்லாத மணலில் எறிந்தாற்போல் அப்பள்ளம் விரிந்தது.

பென்னுவின் கதையில்தான் கடற்கரைக் கணக்கு திரும்பி வருகிறது. பூமியிலிருந்து அதன் வெப்பத்தை அளந்தவர்கள், விரைவில் காய்ந்து குளிர்வதைக் கண்டு, சரளை பரந்த மென்னிலம் என்று துணிந்தனர். அதற்கேற்ப 50 மீட்டர் அகலத் திடலில் இறங்குமாறு ஓஸைரிஸ் ரெக்ஸ் கலத்தை அமைத்தனர். 2018 டிசம்பரில் சென்று பார்த்தால் எங்கும் பாறைக்காடு! கிடைத்த நல்ல இடம் 16 மீட்டர் அகலமே. பென்னுவின் பாறைகள் நுரைக்கல்லைப் போல் உள்ளே துளை மிகுந்தவை. அதனால் பாறையாயிருந்தும் மணலைப் போல் குளிர்ந்தன. அத்துளைகளே தூள் குறைந்ததற்கும் காரணம் என்று 2021இல் விளக்கினர். மோதல் வந்தால் துளைமிகு கல் நொறுங்காமல் அமுங்குகிறது. வெப்ப விரிசலும் துளையில் முட்டி நின்று விடுகிறது. இட்டொகாவாவின் கெட்டிக்கல் சரளை தந்தது. பென்னுவின் மென்கல் தரவில்லை. மென்மையானதே விரைவில் பொடியாகும் என்று நாம் நினைப்பதற்கு இது நேர் மாறு.

2020 அக்டோபர் 20 அன்று கலத்தின் கை பென்னுவைத் தொட்டது. தொட்டது என்பதைவிடப் புகுந்தது என்பதே பொருந்தும். தரை தடுக்கவேயில்லை, நெற்குதிருக்குள் கை நுழைவது போல் ஏறத்தாழ அரை மீட்டர் உள்ளே சென்றது. மேலெழும் பொறிகள் உடனே இயங்கியிராவிடில் கலமே அமிழ்ந்திருக்கும் என்று பின்னர் ஆய்வாளர் கூறினர். கோல்டு 1955இல் நிலவைக் குறித்து அஞ்சியது, அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து வேறொரு கோளில் ஏறக்குறைய நடந்து விட்டது. கற்கள் இடுக்கில் சிக்கி மூடியும் முழுதாக மூடவில்லை. சிறிது வெளியே கசிந்தது. எனினும் 2023 செப்டம்பர் 24 அன்று யூட்டா பாலையில் இறங்கிய பேழையில் 121.6 கிராம் இருந்தது. கழலாத இரு ஆணிகளைக் கழற்றி முழுவதும் திறக்க 2024 ஜனவரி வரை ஆயிற்று. அத்தூளில் உப்புநீர் வற்றியபின் எஞ்சும் உப்புகளும், உயிர்ப்பொருளுக்கு அடிப்படையான அமினோ அமிலங்களுள் பதினான்கும் இருந்தமையை 2025இல் வெளியிட்டனர்.

இப்புழுதியை அறிவதில் நம் அனைவரின் நலமும் கலந்திருக்கிறது. பூமியை நோக்கி ஒரு சிறுகோள் வருமானால் அதனைத் தள்ளி விட வேண்டும். 2022 செப்டம்பர் 26 அன்று டார்ட் என்னும் கலத்தை, டைமார்ஃபஸ் என்னும் சுமார் 150 மீட்டர் அகலமுள்ள சிறுகோளின்மீது வேண்டுமென்றே மோதச் செய்து பார்த்தனர். அக்கோள் தன் முதன்மைக் கோளைச் சுற்றும் காலம் 11 மணி 55 நிமிடம். மோதிய பின் அது 33 நிமிடம் குறைந்தது. கலத்தின் மோதல் மட்டும் இவ்வளவு செய்திராது. தெறித்த கல்லும் தூளும் பின்னோக்கிப் பாய்ந்ததால் எழுந்த உதைப்பே, தள்ளலை மூன்று நான்கு மடங்காகப் பெருக்கிற்று. தெறித்த தூள் 10,000 கிலோமீட்டர் நீள வாலாய் நீண்டது. மேனி கெட்டிப்பாறையாயின் உதைப்பு ஒரு வகை. தளர்ந்த குவியலாயின் வேறு வகை. அதனை முன்கூட்டி அறியாதவன் எவ்வளவு வேகத்தில் மோத வேண்டும் என்று எங்ஙனம் கணக்கிடுவான்?

மோதிய இடத்தை அருகிருந்து பார்க்கவென்று ஐரோப்பியரின் ஹீரா கலம் 2024 அக்டோபர் 7 அன்று புறப்பட்டது. அங்கே ஒரு பள்ளம் இருக்குமா, அன்றித் தளர்ந்த புழுதி முழுவதும் சரிந்து சிறுகோளின் உருவமே மாறியிருக்குமா என்பதில், அது புறப்பட்ட நாளில் ஆய்வாளர்கள் ஒரு முடிவுக்கு வந்திருக்கவில்லை.